ஜோடித் தீனி

எனக்குப் பெண் பார்த்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று பெண்வீட்டார் கேட்டதற்கு என் பெரியப்பா "ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். தெரிந்து சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்காது என்பது இன்னொன்று. வேதியியலில் பட்டம் வாங்கி, சர்க்கரை ஆலை, சிமெண்ட் ஆலை, பெயிண்ட் கம்பெனி என்று எல்லாவற்றுக்கும் மனுப் போட்டு, அத்தனை இடங்களிலும் என் திறமையை முன்கூட்டியே கண்டுகொண்டுவிட்டதால், கடைசியில் எலிகளுக்குச் சோறு போடும் வேலையில் வந்து சேர்ந்திருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சாப்பாட்டில் கலக்கிற சாயம், கெடாமல் வைக்கிற பொடி எல்லாவற்றின் மேலும் வெளிநாட்டில் சந்தேகம் கிளம்பி, அந்தச் சந்தேகம் கப்பலேறி நம் ஊருக்கும் வந்திறங்கியிருந்தது. எண்ணெயும் வனஸ்பதியும் நாள்பட்டால் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும் அல்லவா? அதைத் தடுக்க ஒரு வெள்ளைப் பொடி உண்டு. ஆன்டி ஆக்ஸிடன்ட் என்பது அதன் குலப்பெயர். எண்ணெயைக் கெடுக்க வருகிற காற்றுக்கு முன்னால் போய் நின்று, விழுகிற அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் சாது. எண்ணெய்க்கு இவ்வளவு நல்லது செய்கிற சாது, தின்கிறவன் ஈரலுக்கு என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. மனிதன் வாழ்நாளெல்லாம் தின்றாலும் தொடமுடியாத அளவு பொடியைத் தீனியில் கலந்து எலிக்குக் கொடுப்போம். எலி என்ன ஆகிறது என்று பார்ப்போம். இதுதான் என் ஆராய்ச்சி. எனக்குச் சம்பளம் உண்டு, எலிக்கு இல்லை. மற்றபடி இருவர் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வீடு செங்கல்பட்டில், ஏரிக்குப் போகிற தெருவில், ஒரு போர்ஷன். எலிகள் இருந்தது மகாபலிபுரத்துக்குச் சற்று வடக்கே, கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குள், யாரோ எப்போதோ விட்டுப்போன ஒரு பங்களாவில். எலிக்கு அமைதி வேண்டும், சத்தம் கேட்டால் அதன் உடம்பு கெட்டு முடிவு தப்பாகிவிடும் என்பதற்காக அங்கே வைத்திருந்தார்கள். திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு பஸ் மாறி, ஒரு மைல் மணலில் நடந்து நான் போய்ச் சேருகிற நிலையில் என் உடம்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அமைதி என்றால் சாதாரண அமைதி அல்ல. சவுக்குக்குள் காற்று நுழைந்தால் கடல் மாதிரியே சத்தம் வரும். உண்மையான கடல் அந்தண்டை இருக்கிறது. எது எந்தச் சத்தம் என்று பிரிக்க முடியாது. சில நடுப்பகல்களில் இரண்டும் ஒன்றாக நின்றுபோகும். அப்போதுதான் எலி அறைக்குள் எவ்வளவு உயிர்கள் மூச்சு விடுகின்றன என்பது காதில் விழும்.

அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா. ஆயா என்பது பதவிப்பெயர். வயது என் அக்காவைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். பக்கத்துக் குப்பத்துக்காரி. தலையில் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தவள், முழங்கால் மக்கர் பண்ணியதால் எலிக்கு மாறியிருந்தாள். நான் போன முதல் நாளே அறிமுகப்படுத்திவைத்தாள்.

"அல்லாமே வெள்ளக்காரன் சார். மூக்கு செவப்பு, கண்ணு செவப்பு. கடல்ல குளிக்க வர்றானுங்களே, அதே ஜாடை. ஆனா இதுங்க நம்மள ஒண்ணும் கேக்காது. பாக்கும், அவ்ளோதான்."

அந்தப் பார்வை எனக்கும் பழகச் சில மாதங்கள் ஆயிற்று.

எங்களுக்கு மேலே ஒரு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, எலிகளைப் பற்றி எழுதி வாங்கிய பட்டம். அவருக்கு ஒரு தொல்லை வந்தது. பொடி கலந்த தீனி நாற்றம் தாங்காமல் எலிகள் அதைப் பாதி தின்றுவிட்டு ஒதுக்கின. இளைத்தன.

"இது பொடியால இளைச்சுதா, பட்டினியால இளைச்சுதா? எப்படிச் சொல்வீங்க, மிஸ்டர்?" என்று என்னைக் கேட்டார். அவர் கேள்வி கேட்பது பதிலுக்காக அல்ல என்று எனக்குத் தெரிந்திருந்ததால் முகத்தைச் சிந்தனையாக வைத்துக்கொண்டேன். விடையை அவரே கொண்டுவந்தார். உலகம் பூராவும் செய்கிற முறைதான். ஜோடித் தீனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூண்டில் பொடித் தீனி தின்கிற எலி. பக்கத்துக் கூண்டில், அதே வயசு, அதே எடையில் இன்னொரு எலி. இரண்டாவதற்குப் பொடி கிடையாது, சுத்தமான தீனி. ஆனால் அளவு மட்டும் அதன் கையில் இல்லை. முதல் எலி நேற்று எவ்வளவு தின்றதோ, அவ்வளவுதான் இன்றைக்கு இதற்கு. அது பாதி தின்றால் இதற்குப் பாதி. அது தொடாவிட்டால் இதற்கு ஒன்றுமில்லை. இப்படிச் செய்தால் பட்டினி இரண்டுக்கும் பொது. மிச்சம் எந்த வித்தியாசம் தெரிந்தாலும் அது பொடியின் வேலை. நல்ல மூளை. எனக்கு அதில் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை.

ஆயாவுக்குத் தோன்றியது. இரண்டு வாரம் தீனி வைத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"சார், இந்தப் பக்கத்துக் கூண்டுல கீறது பொண்டாட்டி தான?"

"இல்ல ஆயா. ரெண்டும் ஆண்."

"அத்த நீ சொல்ற. புருசன் துன்ற வரிக்கும் குந்தினு பாக்குது. அவன் துன்ன அளவுக்கு மேல ஒரு வாய் துன்னாது. அவனுக்குப் புடிக்கலன்னா இதுக்கும் பட்னி. அப்ப இது யாரு? மாமியாரா?"

அன்றிலிருந்து பொடி எலி 'மாப்ள' ஆனது. ஜோடி எலி 'பொண்ணு' ஆனது. நான் பலமுறை திருத்திப் பார்த்தேன். கூண்டில் தொங்கிய அட்டையைக் காட்டினேன். எலியையே தூக்கிக் கவிழ்த்துக் காட்டினேன். "அது கெடக்குது சார்" என்று சொல்லிவிட்டாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஆயா சொன்ன பிறகு நானும் பார்க்க ஆரம்பித்தேன். அதுதான் தப்பு. பெயர் வைக்காத வரைக்கும் எலி எலியாக இருக்கிறது.

மற்ற எலிகள் தீனியைக் கொறிக்கும், தூங்கும், மறுபடி கொறிக்கும். ஜோடி எலி அப்படி இல்லை. வைத்த மாத்திரத்தில் தின்று தீர்த்துவிடும். கிண்ணத்தை நக்கும். அப்புறம் செய்வதற்கு எதுவும் இல்லாமல் கூண்டின் ஓரத்துக்கு வந்து, ஒரு முன்காலைக் கம்பியில் வைத்து, சாய்ந்து நின்றபடி பக்கத்துக் கூண்டைப் பார்க்கும். மாப்ள வாயை அசைத்தால் இதன் மீசை அசையும். மாப்ள கிண்ணத்தை விட்டு நகர்ந்தால் இது மெல்ல உட்காரும். நாளெல்லாம் இதுதான். நாளைய சோறு இன்றைக்கு இன்னொருவன் வாயில் இருக்கிறது என்று அதற்குத் தெரிந்த மாதிரி இருந்தது. எலிக்கு அப்படியெல்லாம் தெரியாது. பசித்த பிராணி தீனி வாசனை வருகிற பக்கம் திரும்பும், அவ்வளவுதான். இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். பலமுறை சொல்லவேண்டியிருந்தது.

"துன்னு மாப்ள, துன்னு. அவ காத்துனுகீறா பாரு" என்று ஆயா கெஞ்சுவாள். சில நாள் திட்டுவாள். "கட்டைல போறவனே, ஒனுக்கு நாத்தம்னா அவளுக்கு இன்னாடா வந்துச்சு?"

பிறகு மாப்ள செய்த ஒரு காரியம் என்னை உண்மையிலேயே சங்கடப்படுத்தியது. கிண்ணத்தில் இருக்கிற தீனியை முன்காலால் வாரி வெளியே தள்ளி, கூண்டில் பரப்பியிருந்த மரத்தூளுக்கு அடியில் புதைக்க ஆரம்பித்தது. தின்பதில்லை. ஆனால் காலையில் கிண்ணத்தை நிறுத்தால் காலி. கணக்கில் முழுச் சாப்பாடு. ஆகவே பக்கத்துக் கூண்டுக்கும் முழுச் சாப்பாடு. பொண்ணு தேறியது.

"பாத்தியா?" என்றாள் ஆயா.

எலிகள் தீனியை இறைப்பது சகஜம் என்று டாக்டர் சொன்னார். கூண்டின் அடியை எடுத்துவிட்டுக் கம்பி வலை வைத்து, வலைக்குக் கீழே ஒரு தட்டு. கீழே விழுந்ததையெல்லாம் சேர்த்து நிறுத்து, தின்ற கணக்கிலிருந்து கழிப்பது. கழித்தோம். பொண்ணு மறுபடியும் இளைக்கத் தொடங்கியது. ஒரு நடுப்பகலில், காற்று நின்றிருந்த நேரம், ஆயாவும் இல்லாதபோது நான் அந்தத் தட்டை உருவிக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றித் தலையைத் தூக்கினால், அது கம்பியில் கால் வைத்துச் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறது. மாப்ளயைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்து சவுக்கடியில் ஒரு சிகரெட் பிடித்தேன். நான் சிகரெட் பிடிப்பவன் அல்ல. ஆயாவின் மாடத்திலிருந்து எடுத்தது. அவள் பிடிப்பவளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. பொடியின் நாற்றம் மருந்துக்கடையையும் ஈரச் செருப்பையும் சேர்த்து அரைத்தது போல இருக்கும். அது மூக்கிலேயே தங்கிவிட்டது. வீட்டில் தாளித்தால் அதே வாடை. அப்பளம் பொரித்தால் அதே வாடை. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிடுவேன். வேடிக்கைக்காக, ஆயாவின் புருஷன் பொண்டாட்டிக் கதையை மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. அவளைச் சிரிக்கவைக்க எனக்கு வேறு சரக்கும் இல்லை.

திருப்போரூர்ப் பக்கம் உள்ளே தள்ளிய ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் அவள். அதிகம் பேசமாட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்டாட்டி எலி அப்புறம் இன்னா ஆவும்?"

"என்ன ஆகும், எடை குறையும்."

"கோவப்படாதா?"

"எலிங்க அது."

"அதுக்கில்ல. சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தினம் எலியை நிறுத்து வாழ்க்கை நடத்துகிறவன் நான். ஒரு எலி ஒரு சிட்டிகை குறைந்தாலும் கையில் எடுத்தவுடன் சொல்லிவிடுவேன். வீட்டில் என் கண்ணெதிரே அவள் வளையல் மணிக்கட்டிலிருந்து நழுவி முழங்கை வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. பக்கத்துப் போர்ஷன் அம்மாள்தான் சொன்னாள். "ஏன் சார், வூட்ல சோறு போடுறதில்லியா? முழுகாம கீற பொண்ணு, குச்சியாட்டம் ஆயினு வருது."

முழுகாமல் இருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்துப் போர்ஷனுக்கு எனக்கு முன்னால் தெரிந்திருக்கிறது.

லேடி டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். மூன்றிலும் அவருக்குத் திருப்தி இல்லை. "உடம்புல ரத்தமே இல்ல. எடை ஏறவேண்டிய சமயத்துல இறங்கிட்டு இருக்கு. இப்படியே போனா குழந்தை தங்காது. தங்கினாலும் பிரசவத்துல இந்தப் பொண்ணு தாங்காது. நல்லா சாப்பிடணும். மருந்து அப்புறம்."

வீட்டுக்கு வந்து உட்காரவைத்துக் கேட்டேன்.

"ஏன் சாப்பிடமாட்டேங்கற?"

"சாப்புடறனே."

"எவ்வளவு?"

அவளுக்குக் கேள்வியே புரியாத மாதிரி முகம். "நீங்க எவ்ளோ சாப்ட்டீங்களோ அவ்ளோ."

எனக்கு முதுகில் ஒரு குளிர்ச்சி ஓடியது. செங்கல்பட்டில், கோடையில்.

அவர்கள் வீட்டில் அப்படித்தானாம். புருஷன் தட்டிலேயே, அவன் சாப்பிட்ட அளவு பெண்டாட்டி சாப்பிடவேண்டும். தலைச்சன் பிள்ளை பிறக்கும் வரைக்கும் இது கட்டாயம். ஒரு பிடி கூடச் சாப்பிட்டால் புருஷனுக்கு ஆகாது.

"யார் சொன்னது?"

"அல்லாருக்கும் தெரியும். எங்க அத்த சாப்ட்டாங்க. மாமா பூட்டாரு."

"அவரைப் பாம்பு கடிச்சுதுன்னு நீதான சொன்ன?"

"வேற எதுக்குங்க அது கடிக்கும்?"

இந்தத் தர்க்கத்தை எந்த டாக்டராலும் உடைக்க முடியாது. வாதாடினேன், மிரட்டினேன், படித்த நாலு எழுத்தை எல்லாம் எடுத்து விட்டேன். எல்லாவற்றுக்கும் "செரிங்க" என்றாள். நான் பாதி தின்றால் பாதிதான் தின்றாள். மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மாட்டுக்காரிக்குக் கொடுத்துவிடுவாள்.

ஆகவே நான் தின்னவேண்டும். வேறு வழி இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றேன். நான் சாப்பிடும்போது அவள் எங்கே நிற்பாள் என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை. முதல் முறை தலையைத் தூக்கிப் பார்த்தேன். அடுக்களை நிலையில் ஒரு கையை வைத்து, சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தை அல்ல, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவளம் தட்டிலிருந்து வாய்க்கு வரும்போது அவள் உதடு துளி பிரியும். நான் விழுங்கினால் மூடும். அது அவளுக்கே தெரியாது.

"உக்காரேன்" என்றேன்.

"நீங்க சாப்புடுங்க" என்றாள்.

அதற்குப்பிறகு நான் தலையைத் தூக்கிச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் தெரியும். கண் படுகிற இடம் உடம்புக்குத் தெரியும் என்பது எலிகள் எனக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம்.

ஏதோ கொஞ்சம் தேறினாள். வளையல் மணிக்கட்டுப் பக்கம் திரும்பியது. சரி, தப்பித்தோம் என்று நான் மூச்சு விடுவதற்குள், ஒருநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் என் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தது.

காமாலை. ஈரல் கெட்டுப்போயிருந்தது. பொடி முதலில் பிடிப்பதும் ஈரலைத்தான். எத்தனை எலிகளை அறுத்து, வீங்கிய ஈரலை எடுத்துத் தராசில் வைத்திருக்கிறேன். அவை என் கனவில் வந்தன என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் கனவே வரவில்லை, தூக்கம் வந்தால்தானே. பஸ் ஸ்டாண்டில் குடித்த தண்ணீரால் வந்தது, பொடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் டாக்டர் சொல்லி அனுப்பினார். இருக்கலாம். எலிகளிடமும் நாங்கள் பொடியைப் பற்றி எதையும் சொல்லிவைத்ததில்லை.

ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். காலையில் மோரில் கலக்கிய கீழாநெல்லி. உப்பில்லை, எண்ணெயில்லை, குழைந்த சோறும் மோரும். ஒரு வாய் வைத்தால் குமட்டிக்கொண்டு வந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போவாள். அடுக்களையில் பானை மூடுகிற சத்தம் கேட்கும். அப்புறம் சாப்பிடுகிற சத்தம் எதுவும் கேட்காது. ஒரு வாய்க்கு என்ன சத்தம் வரும்?

"பாவி, உன் வயித்துல இருக்கறது என்ன பண்ணுச்சு?" என்று கத்தினேன்.

"நீங்க மொதல்ல எழுந்திரிங்க. அல்லாம் செரியாப் பூடும்."

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு எலிக்கு வந்த யோசனை எனக்கும் வந்தது. தட்டை வைத்தவுடன் "வெந்நீர் வேணும்" என்பேன். அவள் பின்கட்டுக்குப் போவாள். ஜன்னலுக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத ஒரு சந்து. ஒரு வாரல், இரண்டு வாரல். அவள் திரும்பி வரும்போது நான் வாயைத் துடைத்துக்கொண்டிருப்பேன். தட்டு காலி. முதல் நாள் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கவேண்டும். அடுக்களையிலிருந்து தட்டில் கரண்டி படுகிற ஓசை கேட்டது. மறுபடி ஒருமுறை கேட்டது. மஞ்சள் கண்ணோடு, காலி வயிற்றோடு படுத்துக்கொண்டு, இவ்வளவு படித்தும் ஒரு எலியிடம்தானே வந்து நின்றோம் என்று நினைத்துச் சிரித்தேன்.

காக்கைகள் காட்டிக்கொடுத்தன. எனக்குச் சோறு வருகிற நேரத்துக்குச் சந்துச் சுவர்மேல் வரிசையாக வந்து உட்கார ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் அவள் வெந்நீர் கொண்டுவரவில்லை. சந்திலிருந்து முறத்தில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தாள். மண் ஒட்டிய சோறு. என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். முறத்தில் இருந்ததைக் கையால் ஒன்றுசேர்த்துக் குவித்தாள், கண்ணால் அளந்தாள். நான் காலி செய்த தட்டில் தனக்குப் போட்டுக்கொண்டு, அதிலிருந்து அதே அளவு சோற்றை அள்ளித் திரும்பப் பானையில் போட்டாள்.

கோபமில்லை. அழவில்லை. "இது நீங்க சாப்ட்ட கணக்குல வராது, இல்லீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கம்பி வலையையும் தட்டையும் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. இன்றுவரை இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல முறை என்றால் யாருக்கும் தோன்றும் என்று எங்கள் டாக்டர் சொல்வார். அவளுக்கு மிஞ்சியது ஒரு காக்கைக்குக் காணாது. அதைத் தின்றுவிட்டு, எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நிலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். நின்ற நிலையிலேயே என்னைப் பார்த்தாள். எனக்கு வேறு ஒரு கூண்டில் இருப்பது போல இருந்தது.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆயா வந்தாள். என்னைப் பார்க்க வந்தவள் கையில் ஓலைக் கூடை. கூடையில் கருவாடு. வாடை தெருமுனையிலேயே வந்துவிட்டது.

"ஆயா, காமாலைக்காரனுக்குக் கருவாடா?"

"ஒனுக்கு யாரு சார் கொடுத்தா? ஒனுக்கு மோரு. இது தங்கச்சிக்கு." மனைவியை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா தங்கச்சி இப்டி கீற? இதுக்கு நம்ம பொண்ணே தேவல போலகீதே."

"எந்தப் பொண்ணு?" என்றாள் மனைவி.

நான் சைகை காட்டினேன். ஆயாவுக்குச் சைகை எல்லாம் புரியாது. புரிந்தாலும் நிறுத்தமாட்டாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதான், எலி. பூட்ச்சு தங்கச்சி. ரெண்டும் பூட்ச்சு, ஒரே நாளுல."

"ரெண்டுமா?"

"காலைல போய்ப் பாத்தா மாப்ள கவுந்து கெடக்கறான். ரத்தம் மூக்குல. செரி, பொண்ணு பொழச்சுகினா, இனிமே வயிறார துன்னுவான்னு நெனச்சுகினேன். டாக்டரு வந்தாரு. மயக்க மருந்துல பஞ்ச நனைச்சாரு, டப்பாவுல போட்டாரு, அத்தயும் தூக்கி உள்ள வச்சு மூடிட்டாரு."

"அதுக்கு என்ன வியாதி?"

"ஒண்ணுமில்ல. எளச்சிருந்துச்சு, அவ்ளோதான். அது ஒரு பொடியும் துன்னல, ஒரு பாவமும் பண்ணல. ஜோடில ஒண்ணு பூட்டா, இன்னொண்ணயும் அன்னிக்கே அறுத்துப் பாக்கணுமாம். ரூல்ஸாம். சாரக் கேளு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அது உண்மைதான். அப்படிச் செய்தால்தான் இரண்டு ஈரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடமுடியும். இந்த விளக்கம் என் வாய்வரை வந்தது. அதிர்ஷ்டவசமாக நாக்கு வறண்டிருந்தது.

"சண்ட போட்டுச்சா?" என்று கேட்டாள்.

"எங்க போட்டுச்சு? மூடி போடற வரிக்கும் அவன் கூண்டப் பாத்துகினே இருந்துச்சு. அவன் எழுந்து துன்னுவான்னு."

சுவர்மேல் காக்கைகள் வந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கத்தவில்லை. மனைவி தன் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்.

"அது வயித்துல எதனா இருந்துச்சா?"

ஆயா என்னைப் பார்த்தாள். என்னையும் என் படிப்பையும் காப்பாற்றிக்கொள்ள எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. "அது ஆண் எலி" என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. என்னால் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் எனக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை.

மனைவி எழுந்தாள். கூடையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஸ்டவ் பம்ப் அடிக்கிற சத்தம், கருவாடு கழுவுகிற சத்தம், புளி கரைக்கிற சத்தம், எல்லாம் வரிசையாகக் கேட்டன. அப்புறம் அவள் தன் தட்டோடு வெளியே வந்தாள். என் தட்டு அல்ல, அலமாரியிலிருந்து எடுத்த புதுத் தட்டு. அவர்கள் வீட்டில் சீராகக் கொடுத்தது, அதுவரை உபயோகிக்காதது. கூடத்து நடுவில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சோற்றைக் குழம்போடு பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கு இன்னும் கஞ்சி வரவில்லை. அவள் முதலில் சாப்பிட்டாள்.

முதல் கவளம் போட்டதும் நிறுத்தி, திரும்பாமலே, "ஏங்க, ஒண்ணும் ஆவலியே?" என்றாள்.

"ஒண்ணும் ஆவல" என்றேன்.

இரண்டாவது கவளம் போட்டாள். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாக ரவிக்கைக்குள் தெரிந்தது. எழுந்துபோய் இன்னும் போட்டுக்கொண்டு வந்தாள். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

"போதும் தங்கச்சி, வயித்துக்கு ஆவாது" என்று கடைசியில் ஆயாவே சொல்லவேண்டியதாயிற்று.

மழைக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், ஆனால் தொண்டை நல்ல தொண்டை. லேடி டாக்டர் இந்தத் தடவை இமையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை என்று விட்டுவிட்டார். எனக்கும் மஞ்சள் இறங்கி, வேறு உத்தியோகம் கிடைத்து, கடற்கரையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம். அந்தப் பொடி நல்லதா கெட்டதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சமாகத் தின்றால் ஒன்றும் செய்யாது என்று படித்தேன். பிஸ்கட் வாங்கினால் பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் அன்று மாறிய வழக்கம் மாறியதுதான். அவள்தான் முதலில் உட்காருவாள். நான் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பேன். சில நாள் அவளுக்குப் பசி இருக்காது, இரண்டு வாயில் எழுந்துவிடுவாள். பிறகு நான் உட்காருவேன். பசி வயிற்றைக் கிள்ளும், பானையில் சோறு இருக்கும், மகள் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா" என்பாள். நான் போட்டுக்கொள்வதில்லை.